நிலநடுக்கச் செய்தியில் வரும் அந்த ஓர் எண்

2025 ஜூலை 30 அன்று ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் கம்சாத்கா தீபகற்பத்தை ஒட்டிய கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. முதலில் வந்த செய்தியில் அதன் அளவு 8.0 என்று இருந்தது. சற்று நேரத்தில் அது 8.7 ஆகி, பிறகு 8.8 என்று நிலைத்தது. அன்றாடச் செய்திகளில் வகுப்புப் பாடத்தோடு தொடர்புடையவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். 8.0 என்று எழுதியதை அடித்துவிட்டு 8.8 என்று திருத்தியபோது, நூற்றுக்கு எண்பது வாங்கிய மாணவனின் விடைத்தாளை மறுகூட்டல் செய்து எண்பத்தெட்டு என்று போட்டது போன்ற சிறு மாற்றம் என்றுதான் நினைத்தேன். மாலையில், கணக்குப் பாடத்தில் அப்போதுதான் முடித்திருந்த மடக்கையை வைத்து அந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். வெளிப்பட்ட ஆற்றல் ஏறத்தாழ 16 மடங்கு வேறுபடுகிறது என்று விடை வந்தது. கணக்கில் பிழை இருக்கும் என்று இரண்டு முறை சரிபார்த்தேன், பிழை இல்லை.

நிலநடுக்கம் பற்றிய செய்தியை நாம் எல்லோரும் படிக்கிறோம். அதில் வரும் எண்ணைப் பெரும்பாலோர் அன்று நான் படித்ததைப் போலத்தான் படிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதை எனக்குப் புரிந்த வரிசையில் இங்கே விளக்க முயல்கிறேன்.

எண் பிறந்த கதையிலிருந்து தொடங்குவது நல்லது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ரிக்டர், அப்பகுதியின் நிலநடுக்கங்களைப் பெரியது சிறியது என்று வரிசைப்படுத்த ஒரு வழி தேடினார். அதிர்வைக் கோடாக வரையும் கருவிகள் அப்போதே இருந்தன. அந்தக் கோடு நடுநிலையிலிருந்து எவ்வளவு தூரம் விலகுகிறதோ அதையே இயற்பியலில் வீச்சு என்கிறோம். வீச்சையே அளவாகக் கொள்ளலாமே என்றால், அதில் ஒரு தொல்லை இருந்தது: சிறிய அதிர்வின் வீச்சுக்கும் பெரிய அதிர்வின் வீச்சுக்கும் இடையிலான வேறுபாடு லட்சக்கணக்கான மடங்காக இருந்ததால், இரண்டையும் ஒரே வரைபடத்தில் காட்ட வழியில்லை. அவருடன் பணிபுரிந்த பெனோ குட்டன்பெர்க், வீச்சை அப்படியே குறிக்காமல் அதன் மடக்கையைக் குறிக்கலாம் என்றார். அந்த யோசனைதான் இன்று நாம் படிக்கும் எண்ணின் வேர்.

மடக்கை என்ற சொல்லைக் கேட்டதும் பயப்பட வேண்டியதில்லை. பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை, ஓர் எண்ணைப் பெறப் பத்தைத் தன்னோடு தானே எத்தனை முறை பெருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது, அவ்வளவே. நூறுக்கு 2, ஆயிரத்துக்கு 3, பத்தாயிரத்துக்கு 4. எண்கள் பத்துப் பத்து மடங்காகத் தாவினாலும் மடக்கை ஒவ்வொரு படியாகத்தான் ஏறும். நிலநடுக்கம் நடந்த இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் தொலைவில் வைக்கப்பட்ட குறிப்பிட்ட வகைக் கருவி ஒன்று 1 மில்லிமீட்டர் வீச்சைப் பதிந்தால் அதன் அளவு 3 என்று ரிக்டர் வரையறுத்தார். அதே இடத்தில் 1 சென்டிமீட்டர் பதிந்தால் அளவு 4. பத்து சென்டிமீட்டர் என்றால் 5.

இதை ஒருமுறை வரைந்து பார்ப்பது நல்லது. என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அளவு 3க்கு ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் புள்ளி போலொரு கோடு வரைந்தேன். அளவு 4க்கு வரைந்த கோடு விரல்நகம் அளவு இருந்தது. அளவு 5க்கான கோடு பாதிப் பக்கம் ஏறியது. அளவு 6க்குக் குறிப்பேடு போதவில்லை. ஒரு மீட்டர் வேண்டும். அளவு 7க்குப் பத்து மீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று மாடி உயரம். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே ‘இரண்டு’ என்று நாம் சொல்லும் இடைவெளி, அரைப் பக்கக் கோட்டுக்கும் மூன்று மாடிக் கட்டடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இது வீச்சின் கணக்கு. ஆற்றலின் கணக்கு இதைவிடச் செங்குத்தாக ஏறுகிறது. அளவு ஒன்று கூடினால் வீச்சு 10 மடங்கு கூடுகிறது. வெளிப்படும் ஆற்றலோ ஏறத்தாழ 32 மடங்கு கூடுகிறது. இரண்டு கூடினால் ஆயிரம் மடங்கு. பெரிய நிலநடுக்கம் வலுவாக ஆட்டுவதோடு நிற்பதில்லை, நீண்ட நேரமும் ஆட்டுகிறது. பாறை உடையும் பரப்பும் விரிவாக இருக்கிறது. ஆகவேதான் ஆற்றல் வீச்சைவிட விரைந்து பெருகுகிறது. இந்தப் பெருக்கத்தை மனத்தில் பதிக்க நான் நேரத்தை உவமையாக எடுத்துக்கொண்டேன். அளவு 5 நிலநடுக்கத்தின் ஆற்றலை ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், அளவு 6 என்பது அரை நிமிடம். அளவு 7 பதினேழு நிமிடம். அளவு 8 ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். அளவு 9 பதினொன்றரை நாள். இதுவரை கருவிகளில் பதிவானவற்றிலேயே மிகப் பெரியதான 1960ஆம் ஆண்டின் சிலி நிலநடுக்கம் 9.5 என்று மதிப்பிடப்பட்டது. நம் உவமையில் அது இரண்டு மாதத்தைத் தாண்டிவிடும். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவு 0.2 கூடினாலே ஆற்றல் இரு மடங்காகிறது.

இன்றும் பல செய்திகளில் ‘ரிக்டர் அளவுகோலில்’ என்ற தொடர் வருகிறது. பெரிய நிலநடுக்கங்களுக்கு அறிவியலாளர்கள் அந்த அளவுகோலைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ரிக்டர் பயன்படுத்திய கருவி வேகமான, குறுகிய கால அதிர்வுகளை நன்றாக உணரும். பெரிய நிலநடுக்கத்தின் கூடுதல் ஆற்றலோ மெதுவான, நீண்ட கால அலைகளில்தான் மிகுதியாகச் செல்கிறது. கீச்சுக் குரலை மட்டும் கேட்கும் காது ஒன்று இருந்தால், அருகில் பேரிகை முழங்கினாலும் அதற்குக் கேட்காது அல்லவா? அதுபோல அந்தப் பழைய அளவுகோல் ஏறக்குறைய 7ஐத் தாண்டியதும் தேங்கிப்போகிறது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய நிலநடுக்கம் வந்தாலும் எண் சரியாக உயர்வதில்லை.

இதற்கு மாற்றாக 1970களின் இறுதியில் ஹிரோ கனமோரி, தாமஸ் ஹேங்க்ஸ் ஆகியோர் முன்வைத்ததே திருப்புத்திறன் அளவுகோல். இது தாளில் விழும் கோட்டை விட்டுவிட்டு, பூமிக்கடியில் நடந்த செயலையே அளக்க முயல்கிறது. உடைந்த பாறைப் பரப்பின் அளவு, அது வழுக்கிய தூரம், பாறையின் விறைப்பு ஆகிய மூன்றையும் பெருக்கிக் கிடைக்கும் மதிப்பின் மடக்கையிலிருந்து எண் பெறப்படுகிறது. பழைய எண்களோடு பொருந்தி வருமாறு இதை அமைத்திருப்பதால், பெயர் மாறியதைப் பொதுமக்கள் பெரிதாக உணரவில்லை.

இந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்ப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி கிடைத்தது. ஐம்பது கிலோமீட்டர் நீளமும் இருபது கிலோமீட்டர் அகலமும் உடைய பாறைப் பரப்பு ஒன்று 1.3 மீட்டர் வழுக்கினால் அளவு ஏறக்குறைய 7 வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகில் ஏற்பட்டு, இந்தியப் பெருங்கடலின் கரைகளையெல்லாம் ஆழிப்பேரலையால் சூறையாடிய நிலநடுக்கத்தில் உடைப்பு ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. உடைந்து முடியவே எட்டு முதல் பத்து நிமிடம் ஆயிற்று. அதன் அளவு 9.1. நிலநடுக்கத்துக்கு ‘மையம்’ என்று வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்டும்போது, அந்தப் புள்ளி உடைப்பு தொடங்கிய இடம் மட்டுமே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். துணி கிழியத் தொடங்கிய இடத்தில் விரலை வைத்துவிட்டு, கிழிசல் எங்கே முடிந்தது என்று பார்க்காமல் விடுவதைப் போன்றது அது.

இதுவரை சொன்னதெல்லாம் நிலநடுக்கத்தின் அளவு. ஓர் ஊரில் அது எப்படி உணரப்பட்டது, என்ன சேதம் விளைவித்தது என்பது வேறு. அதைத் தாக்கம் அல்லது செறிவு என்கிறார்கள். நிலநடுக்கம் ஒன்றுக்கு அளவு ஒன்றுதான். தாக்கமோ ஊருக்கு ஊர் மாறும். வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியரின் குரல் ஒன்றுதான். முதல் வரிசையில் இருப்பவருக்கு அது கணீரென்று கேட்கிறது. கடைசி வரிசைக்குத் தேய்ந்து வருகிறது. சுவருக்கு அப்பால் வெறும் முணுமுணுப்பாகிறது. காலியான பெரிய கூடத்தில் எதிரொலித்துக் குழம்புகிறது. தாக்கத்தைக் குறிக்க மெர்கலி அளவுகோல் இருக்கிறது. அதில் பன்னிரண்டு படிகள். இதன் முதல் வடிவத்துக்குக் கருவிகள் தேவைப்படவில்லை. தொங்கும் பொருள்கள் ஆடினவா, உறங்கியவர்கள் விழித்தார்களா, சுவர் விரிந்ததா என்று மனிதர்கள் கண்டதையும் உணர்ந்ததையும் வைத்தே படி தீர்மானிக்கப்பட்டது. செய்தித் தலைப்புகளில் இந்த இரண்டாவது எண் வருவதே இல்லை. என் கருத்தில் அது பெரிய குறை. ஏனென்றால் மக்கள் அறிய விரும்புவது பெரும்பாலும் இதைத்தான்.

இரண்டும் எவ்வளவு விலகிப் போகக்கூடும் என்பதற்கு 2010ஆம் ஆண்டைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் அளவு 7.0. பிப்ரவரி 27 அன்று சிலியில் அளவு 8.8. நம் கணக்குப்படி சிலியில் வெளிப்பட்ட ஆற்றல் ஏறத்தாழ 500 மடங்கு. ஆனால் சிலியில் இறந்தவர்கள் சுமார் 525 பேர்; ஹெய்ட்டியில் இறந்தவர்கள், பெரும்பாலான மதிப்பீடுகளின்படி, ஒரு லட்சத்துக்கும் மேல். ஹெய்ட்டியின் நிலநடுக்கம் தலைநகரான போர்ட்டோ பிரின்சிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், 13 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கியது. அங்கே பெரும்பாலான கட்டடங்கள் போதிய கம்பி இல்லாத கான்கிரீட்டில், அதிர்வைக் கருதாமல் எழுப்பப்பட்டிருந்தன. 1960இன் பேரழிவைக் கண்டிருந்த சிலியோ, கடுமையான கட்டட விதிகளை வகுத்து அவற்றைப் பின்பற்றவும் செய்தது. இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து எழுதிய பக்கத்தை நான் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். பாறை வெளியிட்ட ஆற்றலை மட்டும் வைத்து அந்த இரண்டு எண்ணிக்கைகளையும் விளக்க முடியாது.

ஆழமும் தாக்கத்தை மாற்றுகிறது. 2013 மே 24 அன்று ரஷ்யாவின் கிழக்குக் கோடியை ஒட்டிய ஓகோட்ஸ்க் கடலுக்கு அடியில் 8.3 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அது தொடங்கிய இடம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் ஆழம். மாஸ்கோ வரை அதிர்வு உணரப்பட்டது, ஆயினும் பெரிய சேதம் எதுவும் இல்லை. செய்தியின் மூன்றாம் நான்காம் வரியில் ‘பத்து கிலோமீட்டர் ஆழத்தில்’ என்று வருவதை நாம் படிக்காமல் தாண்டிப் போகிறோம். அந்த வரிக்குத் தலைப்பில் உள்ள எண்ணுக்கு நிகரான மதிப்பு உண்டு.

மண்ணின் பங்கு எனக்கு ஒரு செய்முறை வகுப்பில்தான் விளங்கியது. மரப்பலகை ஒன்றில் மெல்லிய இரும்புப் பட்டைகள் மூன்றை, சாண் உயரம், அதைவிட நீளம், அதைவிடவும் நீளம் என்று செங்குத்தாகப் பொருத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறு களிமண் உருண்டை. பலகையை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தபோது நீளமான பட்டை மட்டும் வளைந்து வளைந்து ஆடியது. மற்ற இரண்டும் பலகையோடு சேர்ந்து நகர்ந்தனவே தவிர ஆடவில்லை. அசைவை விரைவாக்கியதும் நீளமானது அடங்கி, நடுப்பட்டை ஆடத் தொடங்கியது. இன்னும் விரைவாக்கியபோது குட்டைப் பட்டை நடுங்கியது; அதன் களிமண் உருண்டை தெறித்து மேசையில் விழுந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு, வெளியிலிருந்து வரும் அசைவு அதனோடு இசைந்துவிட்டால் ஆட்டம் பெருகும் என்பதே ஒத்ததிர்வு. பாடநூலில் இரண்டு வரியாக இருந்த இந்தக் கருத்து, அந்த உருண்டை விழுந்த சத்தத்தோடு என் நினைவில் தங்கிவிட்டது.

1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரில் நடந்தது இதுதான். 8.0 அளவிலான அந்த நிலநடுக்கத்தின் மையம் பசிபிக் கடற்கரையில், நகரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. ஆனால் நகரின் பெரும்பகுதி பழைய ஏரிப்படுகையின் மென்மையான களிமண்மேல் எழுந்தது. அந்தக் களிமண், வந்த அலைகளில் ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒருமுறை ஆடுவனவற்றைப் பெருக்கிக் காட்டியது. ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டடங்கள் அதனோடு இசைந்து ஆடி அதிகமாக இடிந்தன. குட்டையான வீடுகளும் மிக உயர்ந்த கட்டடங்களும் பெரும்பாலும் தப்பின. செய்முறை வகுப்பின் நடுப்பட்டையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7 அளவில் நிலம் அதிர்ந்தபோது, சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாங்காக்கில் கட்டுமானத்தில் இருந்த உயரமான கட்டடம் ஒன்று சரிந்து விழுந்தது. பாங்காக்கும் மென்மையான களிமண்மேல் நிற்கும் நகரம்; தொலைவிலிருந்து வரும் மெதுவான அலைகளை அந்த மண் பெருக்குகிறது. அத்தனை உயர்ந்த கட்டடங்கள் நிற்கும் நகரில் அது ஒன்று மட்டும் முற்றாகச் சரிந்ததற்கு மண்ணை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. கட்டியவிதத்தையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இனி, முதலில் சொன்ன 8.0 ஏன் 8.8 ஆனது என்பதற்கு வருகிறேன். நீண்ட சுருள்வில் ஒன்றைத் தரையில் கிடத்தி, ஒரு முனையை நீளவாக்கில் தள்ளினால் நெருக்கமும் விலகலும் விரைந்து ஓடும்; பக்கவாட்டில் உதறினால் பாம்பு போன்ற நெளிவு ஓடும். நிலநடுக்கத்திலும் இவ்விரண்டு வகை அலைகள் பிறக்கின்றன. தள்ளும் வகையான முதன்மை அலை மேலோட்டுப் பாறையில் நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. உதறும் வகையான இரண்டாம் அலை சுமார் 3.5 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. முதலாவது அதிகச் சேதம் செய்வதில்லை. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் நொடிகளைக் கொண்டு, ஒரு நொடிக்கு ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் என்று தொலைவைக் கணித்துவிடலாம். முன்னெச்சரிக்கை அமைப்புகளும் இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்துகின்றன.

அலை வந்த சில நிமிடங்களுக்குள் இடத்தைத் துல்லியமாகக் கண்டுவிடலாம். பெரிய நிலநடுக்கத்தின் அளவை அவ்வளவு விரைவில் காண முடியாது. ஏனெனில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் உடைப்பு முழுவதும் நடந்து முடிய வேண்டும். அதன் மெதுவான அலைகள் தொலைதூரக் கருவிகளுக்குச் சென்று சேர வேண்டும். அதுவரை கையில் இருப்பது வேகமான அலைகளை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. முன்பு சொன்ன, பேரிகையைக் கேளாத காது இங்கே மீண்டும் குறுக்கிடுகிறது. ஆகவே, முதலில் வந்த எண் பின்னர் மாறினால் யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்றோ, எதையோ மறைக்கிறார்கள் என்றோ நினைப்பது சரியல்ல. ஆனாலும் அந்த முதல் எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலோரத்தில் அப்படித்தான் ஆயிற்று. நிலம் அதிரத் தொடங்கிய மூன்று நிமிடத்தில் அந்நாட்டு வானிலை முகமை அளவு 7.9 என்று கணித்து, அதன் அடிப்படையில் ஆழிப்பேரலை எச்சரிக்கை விடுத்தது. மியாகி மாவட்டத்துக்கு 6 மீட்டர், இவாத்தே, ஃபுகுஷிமா மாவட்டங்களுக்கு 3 மீட்டர் உயர அலை என்று அதில் இருந்தது. பின்னர் அளவு 8.4 ஆகி, 8.8 ஆகி, இறுதியில் 9.0 என்று அறிவிக்கப்பட்டது. 7.9க்கும் 9.0க்கும் நடுவே ஆற்றல் ஏறத்தாழ 45 மடங்கு. முதல் எச்சரிக்கை வந்து அரை மணி நேரத்துக்குள் அலையின் உயரத்தை முகமை உயர்த்தி அறிவித்தது. அதற்குள் பல இடங்களில் மின்சாரம் நின்றுபோய், புதிய எச்சரிக்கை எல்லோரையும் எட்டவில்லை. மூன்று மீட்டர்தானே, கரையில் கட்டிய தடுப்புச்சுவர் தாங்கும் என்று எண்ணி இருந்த இடத்திலேயே இருந்தவர்களும் உண்டு என்று பின்னர் தெரிந்தது. பல இடங்களில் அலை பத்து மீட்டரைத் தாண்டியது.

2013 மார்ச்சில் அந்த முகமை எச்சரிக்கும் முறையை மாற்றியது. நிலநடுக்கம் 8ஐத் தாண்டக்கூடும், அளவு இன்னும் உறுதியாகவில்லை என்ற நிலையில் விடுக்கும் முதல் எச்சரிக்கையில் இப்போது அலையின் உயரம் மீட்டர் கணக்கில் சொல்லப்படுவதில்லை. அந்த இடத்தில் ‘மாபெரும்’ என்ற ஒரு சொல் மட்டும் வருகிறது; அளவு உறுதியான பிறகுதான் எண்கள் வருகின்றன.